போர்டில் எழுதாத டீச்சர்

மைசூரில் நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது என் வகுப்பாசிரியை என் அம்மாதான். அந்தப் பெருமையை முழுதாக அனுபவிக்க முடியாதபடி இரண்டு தடைகள் இருந்தன. வகுப்பில் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது ஒன்று. எங்கள் தலைமையாசிரியை இன்னொன்று.

அது மகாராஜா ஆட்சிக்காலம். எங்களுடையது கிறிஸ்தவப் பெண்கள் பள்ளிக்கூடம். அதில் தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று ஒரு பிரிவு. நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா காய்ச்சலில் போய்விட்டார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஆசிரியைகளுக்கென்று கட்டியிருந்த இரண்டறை வீடொன்றில் அம்மாவும் நானும் இருந்தோம். அம்மாவுக்கு வேலை உள்ளவரைதான் அந்த வீடு எங்களுக்கு. அது எனக்குத் தெரியாது. வீடு என்றால் எப்போதும் இருப்பது என்றுதான் எட்டு வயதில் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு மூட்டுவாதம். வயது முப்பத்திரண்டுதான் இருக்கும். காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காது. மடக்கிவிட்டால் விரியாது. வெந்நீர்ச் சட்டியில் இரண்டு கைகளையும் அமிழ்த்திக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பாள். அவள் சேலைக்குக் கொசுவம் வைப்பது நான்தான். என் சடையையும் நானேதான் பின்னிக்கொள்வேன். அது என்றைக்கும் ஒரு பக்கமாகத்தான் தொங்கும். பெரியாஸ்பத்திரி டாக்டர், இது கூடும், குறையும், ஆனால் விட்டுப் போகாது என்று சொல்லியிருந்தார்.

அதற்கு முன்பு அம்மா மாடியில் ஐந்தாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் தலைமையாசிரியை அவளைக் கீழே மூன்றாம் வகுப்புக்கு மாற்றிவிட்டார். எனக்குக் கோபமான கோபம். ஐந்திலிருந்து மூன்றுக்கு இறக்குவது என்றால் என்ன அர்த்தம்? பிள்ளைகள் பெயிலானால்கூட இரண்டு வகுப்பு இறக்குவதில்லையே. அம்மாவிடம் நியாயம் கேட்டேன். அவள், "அவங்க செஞ்சா சரியாத்தான் இருக்கும்" என்றதோடு நிறுத்திக்கொண்டாள். மாடிக்குப் போக இருபத்திரண்டு படிகள் இருந்தன. அதை நான் தாவித் தாவி ஏறுகிறவள். அதனால் அந்தப் பக்கமாக யோசிக்கத் தோன்றவில்லை.

தலைமையாசிரியை கோலார்ப் பக்கத்துத் தமிழர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை. சிரித்து நான் பார்த்ததில்லை. அவர் ஒரு காலையில் எங்கள் வகுப்புக்கு வந்து, அம்மாவின் மேஜையிலிருந்த சாக்பீஸை எடுத்து முதல் வரிசைப் பெண்ணிடம் நீட்டினார்.

"போர்டு என்ன டீச்சருக்கு மட்டுமா சொந்தம்? இன்னையிலேருந்து நீங்கதான் எழுதணும். டீச்சர் சொல்வாங்க, நீங்க எழுதுங்க. தப்பா எழுதினா மத்தவங்க எழுந்து திருத்தணும். இது புது முறை."

புது முறை எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. முப்பது பேரும் முறை வைத்து எழுதினோம். யார் கையெழுத்து அழகு என்று போட்டி வந்தது. சிலர் வீட்டுச் சுவரிலெல்லாம் எழுதிப் பழகி அடி வாங்கினார்கள். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு பாடம் சொல்லுவாள். அவள் குரலுக்கு ஒரு குறையும் இல்லை. அவள் கதை சொன்னால் பக்கத்து வகுப்பும் சத்தமில்லாமல் கேட்கும்.

தசரா விடுமுறை முடிந்து இன்ஸ்பெக்டர் வந்தார். தலையில் ஜரிகை ருமால் கட்டு, நீண்ட கோட்டு. சர்க்கார் உதவிப் பணம் தொடர்வதும் நிற்பதும் அவர் எழுதும் குறிப்பில் இருக்கிறது என்று ஆசிரியைகள் கிசுகிசுத்தார்கள். எங்கள் வகுப்புக்குத்தான் முதலில் வந்தார், காலையில் மணி அடித்ததும். தலைமையாசிரியை அவர் பின்னால் நின்றார். இன்ஸ்பெக்டர் கன்னடத்தில் பேசினார், எங்களுக்குக் கன்னடமும் தமிழ் மாதிரிதான். அம்மாவைப் பார்த்து, ஒரு வகுத்தல் கணக்கைப் போர்டில் போட்டு விளக்கச் சொன்னார்.

அம்மா வழக்கம்போல ஒரு பெண்ணைக் கூப்பிட்டாள்.

"அவள் வேண்டாம். நீவே பரீரி" என்றார் அவர். நீங்களே எழுதுங்கள்.

அம்மா எழுந்தாள். சாக்பீஸை எடுத்தாள். அது கீழே விழுந்து இரண்டாக உடைந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தாள். விரல் அதைப் பிடிக்கவில்லை. சாக்பீஸ் உருண்டு மேஜைக்கு அடியில் போய்விட்டது. இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவள் கைகளைப் பார்த்தார்.

அம்மாவுக்கு உதவ வேண்டிய நேரம் இது என்று எனக்குப் பட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் எப்போதும் உண்மையே பேசச் சொல்லியிருந்தார்கள். எழுந்து நின்று, என்னால் முடிந்த சுத்தமான கன்னடத்தில் சொன்னேன்:

"சார், எங்க அம்மா கை காலையில வேலை செய்யாது. வெந்நீர்ல வச்சாலும் பத்து மணிக்கு மேலதான் கொஞ்சம் வரும். அதனாலதான் நாங்க எழுதுறோம்."

சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. தலைமையாசிரியை கண்ணை மூடித் திறந்தார். நான் எதையோ உடைத்துவிட்டேன் என்பது மட்டும் தெரிந்தது.

இன்ஸ்பெக்டரும் தலைமையாசிரியையும் வராந்தாவுக்குப் போனார்கள். எங்கள் ஜன்னல் வராந்தாவைப் பார்த்தது. ஒரு வார்த்தையும் தப்பவில்லை.

எழுத முடியாதவரை எப்படி ஆசிரியையாக வைத்திருக்கிறீர்கள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். உடல் தகுதி வேண்டும் என்று விதி இருக்கிறது, நல்ல ஆள் வேண்டுமானால் எத்தனையோ பேர் கிடைப்பார்கள் என்றார்.

"ஆள் கிடைப்பாங்க சார். எனக்கு இவங்கதான் வேணும்" என்றார் தலைமையாசிரியை. "பத்து வருஷமா நல்லா சொல்லிக்கொடுத்தவங்களுக்கு ஒரு நோய் வந்திடுச்சு. அதுக்காக நான் வெளியே அனுப்பிட்டா, மத்த டீச்சர்ஸ் எல்லாம் என்ன நினைப்பாங்க? நாளைக்கு நமக்கும் இதுதான்னு தானே? பிள்ளைங்களைக் கேட்டுப் பாருங்க. படிப்பு குறைஞ்சிருந்தா நான் ஒத்துக்கறேன்."

இன்ஸ்பெக்டர் திரும்ப உள்ளே வந்தார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் போர்டில் எழுதச் சொன்னார். கணக்கு, சொல் எழுதுதல், ஊர்ப் பெயர்கள். எங்களில் மந்தம் என்று பெயரெடுத்த பெண்கூட நஞ்சன்கூடு என்பதைப் பிழையில்லாமல் எழுதினாள். முடிவில் அவர் அம்மாவிடம், வலி அதிகமா என்று கேட்டார். "காலை வேளையில்தான் சார்" என்றாள் அம்மா.

மறுபடியும் வராந்தா. இந்த முறை அவர் குரல் தணிந்திருந்தது. முதல் மணி நேரத்துக்கு வேறு ஆசிரியை இருக்க வேண்டும், கால அட்டவணையில் அது தெரிய வேண்டும் என்றார்.

"நானே எடுத்துக்கறேன்."

"அப்போது உங்கள் ஆபீஸ் வேலை?"

"அதை நான் பாத்துக்கறேன் சார்."

பள்ளிக் குறிப்பேட்டில் அவர் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரிதான் எழுதினார். மூன்றாம் வகுப்பு மாணவிகளின் கையெழுத்து மிக நன்று. அது என் கையெழுத்தைப் பற்றித்தான் என்று நான் நம்பினேன்.

சாயங்காலம் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டனுப்பினார். பிரம்படி உறுதி என்று நினைத்து இரண்டு உள்ளங்கைகளையும் பாவாடையில் துடைத்துக்கொண்டு போனேன். அவர் என்னை அருகே நிற்கவைத்து, கோணல் சடையை அவிழ்த்து, இறுக்கமாகப் பின்னிவிட்டார். வலித்தது.

"நீ சொன்னது நெசம்தான். அதை நான் முதல்லயே சொல்லியிருக்கணும்" என்றார். "அம்மாகிட்ட போ. அவங்க அழுதா அழட்டும். நீ பக்கத்துல இரு."

அம்மா உண்மையிலேயே அழுதாள். நானும் அழுதேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் என்னை மடியில் போட்டுக்கொண்டு, இல்லடி, இல்லடி என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மறுநாளிலிருந்து முதல் மணி நேரம் தலைமையாசிரியை எடுத்தார். அம்மா இரண்டாவது மணிக்கு வந்து உட்காருவாள். நான் அந்தப் பள்ளியை விட்டுப் போனபிறகும் பல வருஷம் அது அப்படியே நடந்தது.

அந்த வருஷக் குளிரில், விடியற்காலையில் குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்கப் போகும்போது ஆபீஸ் அறையில் லாந்தர் எரிவதைப் பார்த்தேன். தலைமையாசிரியை சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பதிவேடுகளுக்கு நடுவே குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்: "பாவம்மா. வீட்ல யாருமில்லாததால அவங்களுக்குத் தூக்கமே வராது போல."

அம்மா முதல் டிகாக்ஷனில் கலந்த காபியை ஒரு டம்ளரில் ஊற்றி, அந்த அறையில் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். அதற்கப்புறம் தினமும் அப்படித்தான். அம்மாவுக்கும் எனக்கும் இரண்டாவது டிகாக்ஷன், வெறும் தண்ணீர் மாதிரி. வீட்டுக்காரர்களை விட்டுவிட்டு அந்தச் சிரிக்காத மனுஷிக்கு ஏன் கெட்டிக் காபி போகிறது என்று, டம்ளர் சுடச்சுட வராந்தாவைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரமாக வரும். ஒரு நாள் வழியில் நின்று அதில் இரண்டு வாய் குடித்தும்விட்டேன்.