கலீச்சே மண்ணில் வெண்டைக்காய்

தொண்ணூற்றேழாம் ஆண்டு பிப்ரவரியில் எல் பாசோவுக்குக் குடிபோனோம். டெக்சாஸ் என்றதும் ஹூஸ்டனில் இருந்த என் சிநேகிதி, "பக்கத்துலதானே வர்றே, வீக்கெண்ட்ல டிரைவ் பண்ணி வந்துடு" என்றாள். வரைபடத்தைப் பார்த்தால் பதினோரு மணி நேரப் பயணம். நாங்கள் போய்ச் சேர்ந்தது டெக்சாஸின் மேற்குக் கோடியில், மொட்டை மலைகளுக்கு நடுவே ஒரு பாலைவன ஊர்.

கணவருக்கு ஒரு மின்னணு நிறுவனத்தில் வேலை. என்னிடம் வேதியியல் முதுகலைப் பட்டமும், வேலை செய்ய அனுமதி இல்லாத விசாவும் இருந்தன. நான்கு வயது மகள் காலையில் பாலர் பள்ளிக்குப் போய்விடுவாள். அவள் திரும்பும்வரை துடைத்த மேஜையையே மறுபடி துடைத்துக்கொண்டிருப்பேன்.

கோயம்புத்தூரில் மாடி வீட்டில் வளர்ந்தவள் நான். செடி கொடி எதுவும் வளர்த்ததில்லை. எல் பாசோ வீட்டுப் பின்கட்டில் இருந்தது சரளைக்கல்லும் ஒரு முள்புதரும், சுற்றிலும் நெஞ்சளவு கற்சுவரும்தான். ஒருநாள் கடையில் வாங்கி வந்த வெண்டைக்காய் ஒன்றுகூட ஒடியாமல் நார்நாராக வளைந்தபோது, "ஏங்க, நாமளே போட்டா என்ன?" என்று கேட்டேன்.

கணவர் ஜன்னல் வழியே பார்த்துச் சிரித்தார். "இந்த மண்ணுலயா? கள்ளியே ரொம்ப யோசிச்சுத்தான் மொளைக்குது."

அவர் சிரித்ததற்காகவே மறுநாள் கடப்பாரை வாங்கினேன். ஒரு சாண் ஆழம் போனதும் சிமெண்ட் போல வெள்ளையாக ஒரு பாறைத்தட்டு வந்தது. சுண்ணாம்பு இறுகிக் கல்லான மண். கலீச்சே என்பார்கள் உள்ளூரில். கடப்பாரை பட்டால் ணங்கென்று எகிறும். கையில் கொப்புளம் வந்தது, விடவில்லை. ஒவ்வொரு நாளும் ஒரு முறம் அளவுக்குச் சில்லு பெயர்த்தேன். அமெரிக்கா வந்து நான் செய்த முதல் வேலை அதுதான் என்று தோன்றியது.

நான்காம் நாள் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தலை தெரிந்தது. ஐம்பதைத் தாண்டியவர், மெக்சிக்க வம்சாவளி, தனியாக இருப்பவர். தலைமுடி கலைந்து, கண் சிவந்திருந்தது.

"அம்மணி, எனக்கு ராத்திரி வேலை. இப்போதுதான் தூங்க முடியும். நான்கு நாளாக என் தலைமாட்டில் இடிக்கிறீர்கள்" என்றார் ஆங்கிலத்தில். கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சுவது போலத்தான் சொன்னார். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. மன்னிப்புக் கேட்டேன். அதன்பிறகு மாலை ஐந்துக்கு மேல்தான் கடப்பாரையைத் தொட்டேன். சுவருக்கு மேலாகப் பார்த்தால் அவர் கையசைப்பார், நானும் அசைப்பேன். பேச்சு அவ்வளவுதான்.

மே மாதம் தக்காளியும் வெண்டையும் கொத்தவரையும் முளைத்தன. ஜூனில் அவற்றை நானே கொன்றேன். ஒருநாள் பிற்பகல் செடிகள் துவண்டு கிடப்பதைப் பார்த்துப் பதறி, வெயிலில் கிடந்த ரப்பர் குழாயைத் திறந்து வேரிலும் இலையிலும் பீய்ச்சினேன். குழாய்க்குள் இருந்த தண்ணீர் காப்பி போடும் சூட்டில் இருந்தது. காலில் பட்டபோதுதான் தெரிந்தது. மாலைக்குள் நாற்றுகள் வெந்த கீரை போலத் தரையோடு படுத்துவிட்டன. தப்பிய ஓரிரு தக்காளிச் செடிகளும் பின்னால் பூத்தன, ஆனால் அந்த வெப்பத்தில் ஒரு பூகூடக் காயாகாமல் உதிர்ந்தது.

நாற்றுகள் படுத்த அன்று மாலை மகள் குனிந்து பார்த்து, "அம்மா, தே ஆர் ஆல் டெட்" என்றாள். குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். செடிக்காக மட்டும் அழவில்லை என்பது அழும்போதே தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை கணவரே கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய், "எங்க இடிக்கணும், சொல்லு" என்றார்.

மறு வருடம் முறையை மாற்றினோம். பாத்தியைத் தரைமட்டத்துக்குக் கீழே பள்ளமாக வெட்டினோம். தண்ணீர் ஓடாமல் நிற்கும், அனல்காற்றும் நேரே அடிக்காது. அந்த ஊர் மண்ணோடு இலைமக்கும் எருவும் கலந்தோம். நிழலுக்கு, நான்கு குச்சிகள் நட்டு என் பழைய மெல்லிய பருத்திச் சேலைகளைக் கட்டினேன். மஞ்சளும் ஊதாவுமாகப் பந்தல் போட்ட மாதிரி இருந்தது. ஜூன் பாதியில் வெண்டை முழங்கால் உயரம் நின்றது.

அப்போதுதான் குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. பின்கட்டில் நாள்கணக்கில் துணி தொங்குவதாகப் புகார் வந்திருக்கிறது, அகற்றவும் என்று இரண்டே வரி. எங்கள் பின்கட்டு பக்கத்து வீட்டுக்காரரைத் தவிர யாருக்குத் தெரியும்? போன வருடத் தூக்கத்துக்குப் பழி வாங்குகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

"அந்தாளு அப்படிச் செய்ய மாட்டார்னு தோணுது" என்றார் கணவர்.

"உங்களுக்கு எல்லாரும் நல்லவங்க" என்றேன். சேலைகளை அவிழ்த்து, வேறு வழியில்லாமல் அட்டைப்பெட்டிகளைச் சாய்த்து வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் கையசைத்தபோது பார்க்காதது போல உள்ளே போனேன். மூன்று வாரம் அப்படியே.

ஜூலையில் ஒருநாள் நள்ளிரவில் கணவருக்குத் தாங்க முடியாத வயிற்றுவலி. மருத்துவமனைக்குக் கொண்டுபோனால், குடல்வால் வீங்கியிருக்கிறது, உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றார்கள். மகளைக் கணவரோடு வேலை செய்பவர் வீட்டில் விட்டுவிட்டு வந்து நடைக்கூடத்தில் நின்றிருந்தேன். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு நீல உடுப்பில் ஓர் ஊழியர் வந்தார். பக்கத்து வீட்டுக்காரர். அவருடைய ராத்திரி வேலை அதுதான் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

கணவரைப் படுக்கவைத்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, "உள்ளே ரொம்பக் குளிரும்" என்றார். அறுவை அறையின் கதவுவரை கணவரின் கையைப் பிடித்தபடியே தள்ளிக்கொண்டு போனார். திரும்பி வந்து என்னிடம், "உங்கள் செடிகளுக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள்?" என்று கேட்டார்.

அது என் நினைவிலேயே இல்லை. யாருமில்லை என்று தலையாட்டினேன்.

நான்காம் நாள் வீடு திரும்பினோம். நூறு டிகிரிக்குக் குறையாத நாட்கள் அவை, எல்லாம் கருகியிருக்கும் என்றுதான் நினைத்தேன். போய்ப் பார்த்தால் பாத்தி ஈரமாக இருந்தது. எங்கள் பக்கக் கதவு பூட்டியிருந்ததால், பக்கத்து வீட்டுக்காரர் தினமும் காலையில் வேலை முடிந்து வந்ததும் தன் வீட்டுக் குழாயைச் சுவருக்கு மேலே போட்டு நீர் விட்டிருக்கிறார். வெண்டை பூத்து, விரல் நீளத்துக்குக் காய்த்திருந்தது.

அன்று மாலை பறித்த காய்களை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை.

"துணியைப் பற்றி நீங்கள்தான் புகார் செய்தீர்கள் என்று நினைத்தேன்" என்றேன்.

"அதனால்தான் கையசைப்பதை நிறுத்தினீர்களா? நான் என்ன தப்புச் செய்தேன் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்." அவர் உள்ளே போய் ஒரு காகிதத்தைக் கொண்டு வந்தார். அதே சங்கம், அதே இரண்டு வரி. அவருடைய பழைய டிரக் வாசலில் நிற்பதாகப் புகார். யார் எழுதினார்கள் என்று கடைசிவரை எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

"மன்னிச்சுக்கோங்க" என்று என்னையறியாமல் தமிழில் சொன்னேன். அவருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அந்த வாரமே விவசாயச் சாமான் கடையில் பச்சை நிழல்வலை கிடைக்கும் என்று அவரே அழைத்துப்போய்க் காட்டினார். அதற்குச் சங்கம் ஒன்றும் சொல்லவில்லை. செப்டம்பரில் வெயில் தணிந்ததும் தக்காளி ஏராளமாகக் காய்த்தது. இரண்டாயிரமாவது ஆண்டு எனக்கு வேலை அனுமதி வந்து ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தேன். வேலைநாட்களில் பாத்திப் பக்கம் போக முடியாமல் போனபோது அவரும் என் கணவரும் பார்த்துக்கொண்டார்கள். கணவர் அவரோடு அவர் மொழியிலேயே பேசுவதற்காக உடைந்த ஸ்பானிஷ் கற்றுக்கொண்டார். வெண்டைக்காயை வட்டமாக நறுக்கி, சோளமாவில் புரட்டிப் பொரித்துத் தட்டோடு சுவர்மேல் வைத்துவிட்டுப் போவார் பக்கத்து வீட்டுக்காரர். வேறு விதமாகச் செய்த வெண்டைக்காயை என் மகள் இன்றுவரை தொடுவதில்லை.