தை மாதம் மல்லிக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள்

பொங்கல் முடிந்த பிறகு, குரோம்பேட்டை ஸ்டேஷன் வாசலில் அமுதாவின் கூடையில் மல்லி இல்லை. கீரைக்கட்டு இருந்தது, செண்டுமல்லி இருந்தது, கொஞ்சம் கத்தரிக்காய்கூட இருந்தது. அவளிடம்தான் நான் வழக்கமாகப் பூ வாங்குகிறேன் என்பதால் உரிமையோடு கேட்டேன். "செடிக்கு லீவு வுட்டுக்கீறோம்க்கா. சனிக்கிழமை வெட்டப் போறோம். வந்து பாரேன்" என்றாள். என் ஆபீஸில் எனக்கே லீவு கிடைப்பதில்லை. செடிக்கு எப்படிக் கிடைக்கிறது என்று பார்க்கலாம் என்று ஜனவரிக் கடைசியில் வந்த அந்தச் சனிக்கிழமை கிளம்பினேன்.

கார் இல்லாமல் போய் அன்றே திரும்புகிற பயணங்களைத்தான் இங்கே எழுதிவருகிறேன். அவற்றிலேயே இது குட்டிப் பயணம். காலை 6.10 மின்சார ரயில், தாம்பரத்துக்கு ஐந்து ரூபாய். மேற்குப் பக்கம் வெளியே வந்தால் முடிச்சூர் வழியாக மணிமங்கலம் போகும் பேருந்து. சாதாரணப் பேருந்து என்பதால் எனக்கு டிக்கெட் கிடையாது. ஆண்கள் பதினைந்து ரூபாய்ச் சில்லறையோடு ஏறுவது நல்லது, கண்டக்டரின் முகம் மாறாமல் இருக்கும்.

முடிச்சூர் சாலையில் ரசிக்க ஒன்றும் இல்லை, பொய் சொல்ல மாட்டேன். டைல்ஸ் கடை, கிரில் பட்டறை, மறுபடியும் டைல்ஸ் கடை. தோட்டம் எங்கே வரும் என்று கண்டக்டரிடம் கேட்டேன். "தோட்டமா? அதெல்லாம் பிளாட்டு போட்டு எவ்ளோ நாளாச்சு. தண்ணி லாரிங்க வரிசையா நிக்கிற எடம் வரும். அங்க எறங்கி உள்ள போம்மா, எதுனா பச்சையா தெரியும்" என்றார். இறங்கி ஒரு கிலோமீட்டர் நடந்தேன். அவர் சொன்னது சரிதான்.

எழுபது சென்ட் நிலம். மூன்று பக்கமும் மாடி வீடுகள், நான்காவது பக்கம் மண் ரோடு. பாதியில் குண்டுமல்லி வரிசைகள், மீதியில் காய்கறி. அமுதாவின் கணவர் கன்னியப்பன் மண்வெட்டியோடு பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். ஒரு பாத்தி அரைக்கீரைக்கு, இரண்டு வெண்டைக்கு, ஓரத்தில் செண்டுமல்லி நாற்றுக்கு ஒரு கீற்று. சாணி எருவும் வேப்பம் புண்ணாக்கும் கலந்த வாசனை காலைக் காபியின் நினைப்பையே விரட்டிவிட்டது. மனிதர் அதிகம் பேசாதவர். என்னைப் பார்த்ததும் தலையை மட்டும் ஆட்டினார்.

மல்லிச்செடிகள் பரிதாபமாக நின்றன. இலை பழுத்து, பாதி உதிர்ந்து, குச்சி குச்சியாக. மழை நின்றதிலிருந்து வேண்டுமென்றே தண்ணீர் விடவில்லையாம். செடியைக் காயப்போட வேண்டும், பிறகு முழங்கால் உயரத்துக்கு வெட்ட வேண்டும், வெட்டின காயம் ஆற ஒரு வாரம் விட வேண்டும், அப்புறம்தான் எருவும் தண்ணீரும். இப்படிப் பட்டினி போட்டால்தான் பங்குனியில் கிளையெல்லாம் மொட்டாக வருமாம். அமுதா பேசிக்கொண்டே கத்தரியால் நறுக் நறுக்கென்று வெட்டிக்கொண்டு போனாள். ஒரு வரிசை முடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

கடைசி வரிசையைப் பார்த்ததும்தான் எனக்கு ஏதோ இடித்தது. மதில் ஓரமாக அது மட்டும் பச்சைப்பசேல் என்று, மினுமினுவென்ற இலைகளோடு நின்றது. "இது வேற ரகமா?" என்று கேட்டேன். கன்னியப்பன் ஓங்கிய மண்வெட்டியை அப்படியே நிறுத்தினார். அமுதாதான் பதில் சொன்னாள்.

மதிலுக்கு அந்தப் பக்கம் சகாயராஜ் என்பவருடைய வீடு. ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். செடிகள் காய்வதைப் பார்த்து அவருக்கு மனசு கேட்கவில்லை. சாயங்காலமானால் தன் ஹோஸை மதில்மேல் போட்டு, எட்டுகிற அந்த ஒரு வரிசைக்குத் தண்ணீர் விடுகிறார்.

"நீ சொல்ல வேண்டியதுதானே?"

"எப்பிடிக்கா சொல்றது? மொத நாளு கூப்ட்டு, 'உன் செடிக்கு நான் தண்ணி ஊத்திட்டேம்மா'ன்னாரு. 'தேங்க்ஸ்ண்ணா'ன்னு சொல்லிட்டேன். அதுலேர்ந்து தெனமும் ஊத்தறாரு."

சிரிக்கத்தான் தோன்றியது. ஆனால் அவள் சிரிக்கவில்லை. சித்திரை பிறந்தால் இவர்கள் கிணற்றில் சேறுதான் மிஞ்சும். இரண்டு கோடையாக மொத்தத் தோட்டமும் தப்பித்தது சகாயராஜ் வீட்டு போர் தண்ணீரில்தான். அமுதா ஒவ்வொரு தடவையும் அவர் கேட் முன்னால் போய்க் கேட்டு நிற்பாள். அவர் ஒரு நாளும் இல்லையென்றதில்லை, காசும் வாங்கினதில்லை. அப்படிப்பட்டவரிடம் போய் உங்கள் தண்ணீர் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

ஓய்வெடுக்காத அந்த வரிசை இந்த சீசனில் பாதிதான் பூக்குமாம். அது போனால் போகிறது. இன்று வெட்டிய பிறகும் அவர் ஊற்றினால் அடித்தண்டு அழுகி, செடியே போய்விடும்.

"ஒரு வரிசைதானே, வுடு" என்றார் கன்னியப்பன்.

"பத்து வருசச் செடி, வுடுன்றே!" என்று அவர்மேல் பாய்ந்துவிட்டு அமுதா என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுக்கா. கோச்சிக்கினாலும் உன்மேலதான் கோச்சிக்குவாரு. நீ இன்னிக்குப் போயிடுவே. நாங்க மே மாசமும் இங்கதான் கீறோம்."

இந்த இடத்தில், வழக்கமாகக் கடைசியில் எழுதும் விவரங்களைச் சொல்லிவிடுகிறேன். அன்றும் அந்த மதிலை நோக்கி நடப்பதைக் கொஞ்சம் தள்ளிப்போடத்தான் விரும்பினேன். இதுமாதிரித் தோட்டங்களுக்குப் போக விரும்புபவர்கள் காலை ஏழுக்குள் போய்ச் சேருங்கள், பத்து மணிக்கு மேல் வெயிலில் நிற்க முடியாது. தெரிந்தவர் மூலமாகப் போவதுதான் மரியாதை, இது சுற்றுலாத்தலம் இல்லை. தண்ணீர் பாட்டில், தொப்பி, பழைய செருப்பு போதும். கடைகள் முடிச்சூரோடு சரி, டிபனைத் தாம்பரத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். திரும்பும் பேருந்துக்கு நான் முக்கால் மணி நேரம் நின்றேன். ஷேர் ஆட்டோ வந்தால் யோசிக்காமல் ஏறிவிடுங்கள்.

இனி மதில். சகாயராஜ் அந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் செடி நன்றாக இருக்கிறது என்று அசட்டுத்தனமாக ஆரம்பித்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாருங்க மேடம், மத்ததெல்லாம் எப்படி வாடிப் போச்சு. பாவம், ரெண்டு பேரும் எவ்வளவுதான் பாப்பாங்க? இந்த ஒரு வரிசையையாவது காப்பாத்தி வச்சிருக்கேன்."

இதற்குப் பிறகு எப்படிச் சொன்னாலும் தப்பாகத்தான் இருக்கும். அதனால் சுருக்கமாகச் சொன்னேன். காயப்போடுவது எதற்கு, தண்ணீர் பட்டால் என்ன ஆகும், எல்லாவற்றையும். அவர் பேப்பரை மடித்தார். மறுபடியும் மடித்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அமுதா தேங்க்ஸ் சொல்லிச்சே?"

அவர் எழுந்து மதிலுக்கு மேலே பார்த்தார். அமுதா தலையைக் குனிந்துகொண்டாள். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

"போச்சு" என்றாள் அமுதா. கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கும் சங்கடமாக இருந்தது, யார் வீட்டு விவகாரத்திலோ தலையைக் கொடுத்துவிட்டோமே என்று எரிச்சலும் வந்தது. கன்னியப்பன் அவள் கையிலிருந்த கத்தரியை வாங்கி, பச்சை வரிசையை வெட்ட ஆரம்பித்தார். இலையோடு கிளைகள் விழுந்தன.

வரிசை பாதி முடிந்தபோது சகாயராஜ் மண் ரோடு வழியாகச் சுற்றிக்கொண்டு தோட்டத்துக்குள்ளேயே வந்தார். தோளில் அந்த ஹோஸ், குழாயிலிருந்து கழற்றி வட்டமாகச் சுருட்டியபடி. வெட்டிக் கிடந்த பச்சைக் கிளைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஹோஸைக் கன்னியப்பனிடம் நீட்டினார்.

"இது எங்கிட்ட இருந்தா சாயங்காலம் கை சும்மா இருக்காது. நீயே வச்சுக்கப்பா. மே மாசம் வந்தா என் குழாயில நீயே மாட்டிக்கோ. சைடு கேட்டைப் பூட்ட மாட்டேன். இனிமே கேட்டுகிட்டு வாசல்ல நிக்க வேணாம்."

கன்னியப்பன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அமுதா வாயைத் திறந்தாள்.

"நீ தேங்க்ஸ் மட்டும் சொல்லிடாதம்மா" என்றார் சகாயராஜ்.