எங்களுக்குள் இருந்த சொல்

பள்ளியில் ஒரு டீச்சர் எங்கள் இருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏய் சேரி, போர்டைத் துடை" என்பார். கோட்டூர்புரத்து ஆற்றோரக் குடிசைகளில் நானும் என் தோழியும் அடுத்தடுத்த வீடு. அவள் கழிவறைக்குள் போய் அழுதுவிட்டு வருவாள். ஒருநாள் நான்தான் சொன்னேன்: "அவுங்க சொன்னாத்தானே வலிக்குது? நாமளே சொல்லிக்கலாம்டி."

அன்றிலிருந்து அவள் எனக்குச் சேரி, நான் அவளுக்குச் சேரி. அதைவிடச் செல்லமாக எங்களை யாரும் கூப்பிட்டதில்லை.

பிறகு நான் படித்து தி. நகரில் அலுவலக வேலைக்குப் போனேன். அவள் பியூட்டி பார்லரில் சேர்ந்தாள். குடிசைகளை இடித்தபோது அவள் குடும்பத்தை நகரத்துக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் அதற்குள் வாடகை வீடு பார்த்து மயிலாப்பூருக்கு வந்திருந்தேன்.

ஒரு ஞாயிறு மாலை அலுவலகத் தோழிகளோடு பெசன்ட் நகர் கடற்கரையில் உட்கார்ந்திருந்தேன். பார்லரிலிருந்து அவளையும் வரச் சொல்லியிருந்தேன். தூரத்தில் பார்த்ததுமே கத்தினேன்: "அடியே சேரி! இங்க வாடி!"

சிரித்துக்கொண்டே வந்து என் தோளில் சாய்ந்துகொண்டாள். எல்லோரும் பஜ்ஜி சாப்பிட்டோம். நடுவில் அலுவலகத் தோழி ஒருத்தி, கெட்ட எண்ணம் ஏதும் இல்லாமல்தான், "ஏ சேரி, அந்தத் தண்ணி பாட்டிலைக் குடேன்" என்றாள்.

என் தோழி என்னைப் பார்த்தாள். நான் சிரித்துவிட்டேன். தடுத்துப் பேசினால் கூட்டத்துக்கு வேண்டாதவளாகிவிடுவேனோ என்ற பயம்.

பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிட்டு எழுந்து நடந்தாள். பின்னாலேயே ஓடினேன்.

"அவளுக்கு இன்னாடி தெரியும்? நாம கூப்புடறத பாத்துட்டு சொல்லிட்டா."

"அவள உடு. நமக்குள்ள வச்சிகினு இருந்தத ஊருக்கே கேக்கற மாரி ஏன் கத்தின? அவ சொன்னப்ப ஏன்டி சிரிச்ச?"

ஆட்டோ ஏறிப் போய்விட்டாள்.

மூன்று மாதம் என் போனை எடுக்கவில்லை. கடைசியில் இரண்டு பஸ் மாறி அவள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள், "வாங்க, உக்காருங்க" என்றாள். சின்ன வயசிலிருந்து அவள் என்னிடம் மரியாதையாகப் பேசியதே கிடையாது. சண்டையில்கூட 'டி'தான்.

மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணியும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு டீ போடப் போனாள்.

அந்த டீயைக் குடித்து முடிக்கிறவரைக்கும் அவள் என்னை 'டி' போட்டுத் திட்டிவிடுவாள் என்று காத்திருந்தேன்.