விசில் அக்காவின் ஞாயிறு மத்தியானம்

“ஞாயித்துக்கிழமை மத்தியானம் குளத்துல யாரு இருப்பா?” என்று அக்கா கேட்டார்.

நான் அந்த நீச்சல் கிளப் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. கணினியில் நேர அட்டவணையைப் பார்த்துவிட்டு, “யாரும் இல்லக்கா. அந்த வெயில்ல மெம்பர்ஸ் யாரு வருவா?” என்றேன்.

“அப்ப அந்த நேரத்தை எனக்குக் குடு.”

“உங்களுக்கா? நீங்கதான் நாள் பூரா தண்ணியிலேயே கெடக்கிறீங்களே.”

“எனக்கில்லம்மா. பின்னாடி லைன் வீட்டுப் பிள்ளைங்களுக்கு.”

“அவங்களுக்கு எதுக்குக்கா? அந்த மண் எடுத்த பள்ளத்துல எப்பப் பாரு குதிச்சுக்கிட்டு இருக்காங்க. நமக்கே சொல்லிக் குடுப்பாங்க.”

அக்கா சிரிக்கவில்லை. “குதிக்கிறவன் எப்படியோ ஏறி வந்துடுவான். போன மழைக்கு அங்க செத்தது யாருன்னு தெரியுமா?”

“தெரியாதுக்கா.”

“ஸ்கூல் விட்டு வந்த ரெண்டு பொண்ணுங்க. ஷூவுல ஒட்டின சேத்தைக் கழுவ எறங்கினாங்க. ஒருத்தி வழுக்கினா, இன்னொருத்தி கை குடுத்தா. எடுக்கும்போது ரெண்டு பேர் தோள்லயும் ஸ்கூல் பை அப்படியே இருந்துச்சு. ஷூ லேஸ் கூட அவுழல.”

அந்தப் பள்ளம் எங்கள் மதில் சுவருக்கு அடுத்த பக்கம்தான். சுவருக்கு இந்தப் பக்கம், என் மேசைக்கு எதிரே, நீலத் தண்ணீர் ஒரு சுருக்கமும் இல்லாமல் சும்மா கிடந்தது.

அவரை எல்லோரும் விசில் அக்கா என்றே கூப்பிடுவார்கள். கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை. “பொறந்ததுமே வாயில வெச்சு விட்டாங்களா?” என்று தோட்டக்காரர் சீண்டுவார். “ஆமா, வேலை நேரத்துல நீங்க தூங்குவீங்கன்னு அப்பவே தெரிஞ்சிருக்கு” என்பார் அக்கா. பம்ப் அறைக்கு மேலே உள்ள ஒற்றை அறையில்தான் குடியிருந்தார். கட்டிலில் படுத்தால் மோட்டாரின் அதிர்வு முதுகில் தெரியும். கதவைத் திறந்தாலே குளோரின் வாடை முகத்தில் அடிக்கும்.

அவரை வளர்த்த சித்தி ஒரு பெரிய பள்ளியில் கூட்டிப் பெருக்கும் வேலை செய்தவர். பணக்காரப் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு அங்கிருந்த குளத்தில் இறங்க அக்காவுக்கு அனுமதி கிடைத்தது. அப்படிக் கற்றுக்கொண்டுதான் பதக்கங்கள் வாங்கினார், இந்த கிளப்பில் பயிற்சியாளராகவும் ஆனார். பதக்கங்களைப் பற்றி யாராவது கேட்டால், படகுத்துறையில் பலகை வழுக்கி விழுந்த கதையைத்தான் சொல்வார். பதக்கம் வாங்கிய அதே வருடம். உடம்பில் முழு நீளப் பாவாடையும் கம்பளிச் சட்டையும். “ஒரு கை வீச முடியல. துணி காலைச் சுத்திக்கிட்டு கீழ இழுக்குது. கரையில நின்னவங்க என்ன பேசிக்கிட்டாங்க தெரியுமா? அவளுக்கென்ன, அவ நீச்சல்காரின்னு.” படகுக்காரர் துடுப்பை நீட்டியதால்தான் பிழைத்தாராம்.

மேலாளர் ஒருவழியாக ஒத்துக்கொண்டார். பிள்ளைகள் எல்லோரும் நீச்சல் உடையும் தொப்பியும் போட்டே இறங்க வேண்டும், சாதாரணத் துணியின் நூல் உதிர்ந்து வடிகட்டியை அடைத்துவிடும் என்பது அவருடைய நிபந்தனை. உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குச் சிறிதாகிப்போன உடைகளைக் கேட்டு வாங்கினோம். முதல் நாள் ஒருவரை ஒருவர் பார்த்துப் பிள்ளைகள் சிரித்த சிரிப்பு அடங்கவே வெகுநேரம் ஆயிற்று. அவர்களில் ஒரு சிறுமி தண்ணீரைப் பார்த்துப் பயப்படவே இல்லை. கால்களை மடக்கி உதைத்துச் சர்ரென்று போவாள். தவளை என்று பேர் வைத்துவிட்டார்கள். அவளுடைய அம்மா துணி தேய்க்கும் கடையில் வேலை பார்ப்பவர். ஞாயிறுதோறும் மற்ற அம்மாக்களோடு சிமெண்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து, “என் தவளையைப் பாரு, என் தவளையைப் பாரு” என்று பக்கத்தில் இருப்பவர்களைக் கிள்ளிக்கொண்டே இருப்பார்.

பிள்ளைகள் ஓரளவு தேறிய பிறகு, அடுத்த வாரம் பள்ளிச் சீருடையில் வரச் சொன்னார் அக்கா. மேலாளரிடம் எப்படிச் சம்மதம் வாங்கினார் என்று எனக்குத் தெரியாது. வடிகட்டியைத் தானே கழற்றிக் கழுவித் தருவதாகச் சொல்லியிருக்க வேண்டும்.

தனக்கு மார்பளவு ஆழம் வரும் இடத்தில் அக்கா நின்றுகொண்டு ஒவ்வொருவராக இறங்கச் சொன்னார். முதலில் குதித்தது தவளைதான். பாவாடை, முழுக்கைச் சட்டை, டை, சாக்ஸ். குதித்த வேகத்தில் பாவாடை குடை மாதிரி விரிந்து மேலே எழும்பி அவள் தலையை மூடிக்கொண்டது. படிக்கட்டில் ஒரே சிரிப்பு. தவளையின் அம்மா எழுந்து நின்று கை தட்டினார். நானும் சிரித்தேன்.

கை ஒன்று வெளியே வந்தது. தண்ணீரை ஒரு முறை அடித்தது. பிறகு அதுவும் இல்லை. அலறல் இல்லை, கூப்பாடு இல்லை. நனைந்த துணி ஒன்று மிதப்பது போலத்தான் இருந்தது. அம்மா இன்னும் கை தட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா எட்டித் தூக்கிவிட்டார். நாங்கள் சிரித்து முடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. துணியை விலக்கியபோது தெரிந்த அந்த முகத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. கண் திறந்திருந்தது, ஆனால் எங்கள் யாரையும் அது பார்க்கவில்லை. பிறகு இருமினாள். இருமலைக் கேட்ட பிறகுதான் அம்மாவின் கைகள் நின்றன. தட்டுவதற்காக விரிந்த கைகள் அப்படியே காற்றில் நின்றதை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை.

“பாத்தீங்களா?” என்றார் அக்கா. “இப்படித்தான் இருக்கும். சத்தம் வராது. துணியோட விழுந்தா நீந்தப் பாக்கக் கூடாது. மல்லாந்து படுக்கணும். தாடையைத் தூக்கணும், கையைத் தண்ணிக்குள்ளேயே வெச்சுக்கணும். அதைத்தான் இன்னிக்கு…”

யாரும் கேட்கவில்லை. அம்மாக்கள் கரையில் வரிசையாக நின்ற தங்கள் பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த ஞாயிறு ஒரு பிள்ளைகூட வரவில்லை. அக்கா ஈரப் படியில் தனியாக உட்கார்ந்திருந்தார். ஆள் வராத வகுப்பை மாத முடிவோடு நிறுத்திவிடலாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். வானம் அப்போதே கறுக்கத் தொடங்கியிருந்தது. இன்னொரு மழைக்காலம் வந்தால் பள்ளம் நிரம்பிவிடும்.

மறுநாள் மாலை அக்கா அந்த இஸ்திரிக் கடைக்குப் போனார். நானும் போனேன். தவளையின் அம்மா எங்களை நிமிர்ந்து பார்க்காமல் ஒரு சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலியே…” என்று அக்கா ஆரம்பித்தார்.

“ஆகல.” இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிறுத்தினார். “நீ பக்கத்துல இருந்தே. ஆகாதுன்னு உனக்குத் தெரியும். அதில்ல என் பிரச்சினை. என் பிள்ளை மூச்சு முட்டிக்கிட்டு இருக்கா, நான் கை தட்டுறேன். பெத்தவ நான் கை தட்டுறேன்! இந்தக் கையை வெச்சுக்கிட்டு நான் எப்படி அவளுக்குச் சோறு போடுறது, சொல்லு.”

அக்கா கழுத்து விசிலைக் கையால் பொத்திக்கொண்டார்.

“மத்தவளுங்க எல்லாம் நான் என்ன சொல்றேன்னு பாத்துக்கிட்டு இருக்காளுங்க” என்றார் அந்த அம்மா. “நான் அனுப்பினா அனுப்புவாளுங்க. நான் ஒண்ணு சொல்றேன். மொதல்ல நான் எறங்குறேன். இதே துணியோட. அந்தத் தண்ணிக்குள்ள என்ன இருக்குன்னு நான் பாக்கணும். அதுக்கப்புறம் அவளை விடலாமா வேணாமான்னு சொல்றேன்.”

“எறங்குங்க” என்றார் அக்கா. “நான் பிடிச்சுக்கிறேன்.”

“நீ வேணாம். நீ மீனு. பயம்னா என்னன்னு உனக்கு எங்க தெரியப் போகுது?”

அக்கா வாயைத் திறந்தார். படகுத்துறைக் கதையைச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

திரும்பி வந்தோம். அக்கா கிளப் வாசலில் நின்று, என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“உனக்கும் நீச்சல் தெரியாதுல்ல? ஞாயித்துக்கிழமை நீ எறங்கி அவங்க கையைப் பிடிச்சுக்கிறியா?” என்றார். “நான் தள்ளித்தான் நிப்பேன், ஆனா எட்டுற தூரத்துல இருப்பேன். விடுன்னு நான் சொன்னாலும் விடாத. அவங்களா விடச் சொல்ற வரைக்கும் பிடிச்சிட்டே இரு.”