சிராவணச் செவ்வாயின் மஞ்சள்

தெலுங்கு பேசும் மெட்டுகுடாவில் எங்கள் அடுக்களைச் சுவரில் இரண்டு காலண்டர்கள் தொங்குகின்றன. கோவில்பட்டியிலிருந்து அம்மா அனுப்பியதில் இன்னும் ஆடி முடியவில்லை. மளிகைக்கடைக்காரர் தந்த தெலுங்குக் காலண்டரிலோ அமாவாசை கழிந்ததுமே சிராவணம் பிறந்துவிட்டது. தேதி குறித்துவைக்கும் பழக்கமுள்ள எனக்கு, ஒரே செவ்வாய்க்கிழமை இரண்டு மாதங்களில் விடிவது இன்றும் விநோதம்தான்.

சென்ற செவ்வாயன்று ஆய்வகத்துக்குக் கிளம்பும்போது, எதிர்வீட்டுப் புது மருமகள் சுவாதி தன் நோன்புக்கு அழைத்தாள். நாற்காலியில் உட்காரவைத்து, குழைத்த மஞ்சளோடு என் காலருகே குனிந்தாள். எங்கள் பக்கம் ஒருவர் காலருகே குனிந்தால், விழுந்து கும்பிடப்போகிறார் என்று பொருள். என் கல்யாணத்தன்று ஊர்ப் பெரியவர்கள் எல்லார் காலிலும் விழுந்தெழுந்து முழங்கால் கன்றிப்போனவள் நான். அந்த நினைப்பில் காலை இழுத்துக்கொண்டு, “ஐயோ, அதெல்லாம் வேண்டாம்மா” என்று மஞ்சள் அப்பிய அவளுடைய ஈரக் கைகளைப் பிடித்துத் தூக்கிவிட்டேன். “ஆன்ட்டி... காள்ளு...” என்று என் கால்களைக் காட்டியவளின் முகம் வாடிவிட்டது. நோன்புக்கு அழைத்த பெண்களின் காலில் மஞ்சள் பூசுவது இங்கே வழக்கம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நேரமாகிவிட்டதால், குழாயில் கையைக் காட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா நுண்துகள்களுக்குள் பச்சையாக ஒளிரும் சாயத்தைப் பூட்டிவைப்பது எங்கள் வேலை. அறுவை மேசையில், கட்டி எங்கே முடிகிறது என்பதை அந்த ஒளி காட்டவேண்டும். சாயம் கசிந்தால் நல்ல சதையும் ஒளிரும். பிறகு அந்தத் துகளால் பயனில்லை. துகள்களைச் சுழற்றி அடியில் படியவைத்தால் மேலே நிற்கும் திரவம் இருளாக இருக்கவேண்டும். அன்று அது ஒளிர்ந்தது. இந்த வடிவமைப்பைத் தொடர்வதா, கைவிடுவதா என்று வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் முடிவாகும். இரண்டு வருட உழைப்பு.

உடன் வேலைசெய்யும் ரகு, தலைமுறைகளாக இங்கேயே போலாரத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர்; அவர் தமிழில் இந்த ஊர் உருது கலந்துவரும். துகளே சேர்க்காத சோதனைக் குழாயையும் விளக்கில் வைத்துப் பார்த்தார்.

“அக்கா, இதுவும் மின்னுது.”

“அதெப்படி? அதுல சாயமே கிடையாதே!”

“ஹவ், ஆமா, அதான் கேக்கறேன். கையைக் காட்டுங்க.”

புற ஊதா விளக்கின் கீழ் என் கையுறையின் விரல்நுனிகள் பச்சையாக ஒளிர்ந்தன. கழற்றினேன், நகக்கண்களும் ஒளிர்ந்தன. சுவாதியின் மஞ்சள்! கையுறையை இழுத்து மாட்டும்போது வெளிப்புறத்தில் ஒட்டி, அங்கிருந்து குழாய்களுக்குப் போயிருக்கிறது.

“காலைல சாம்பாரைக் கையாலயே கலக்கினீங்களா?” என்று சிரித்தார். “டென்ஷன் நக்கோ அக்கா. சாயம் லீக் ஆகல, நீங்கதான் லீக் ஆயிட்டீங்க.”

வியாழக்கிழமை புதிதாகச் செய்த சோதனையில் திரவம் இருண்டே இருந்தது. வெள்ளிக்கிழமை, தொடரலாம் என்று முடிவானது.

இன்று அடுத்த செவ்வாய். சுவாதி கூப்பிடவில்லை. நானே போய்க் கதவைத் தட்டி, நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினேன். கைகளை மட்டும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். “ஈசாரி பாரிப்போரு கதா, ஆன்ட்டி?” என்றாள். இந்தத் தடவை ஓடிவிடமாட்டீர்களே என்று கேட்கிறாள்.

ஆய்வக வாசலில் அம்மாவின் போன். “ஆடிச் செவ்வாயாச்சே, மஞ்ச தேச்சுக் குளிச்சியாடி?”

“மஞ்சள் பூசியாச்சும்மா” என்றேன். எந்த மாதத்து மஞ்சள் என்று சொல்லவில்லை.

வெள்ளை அங்கி, புதுக் கையுறை. விளக்கில் கையைக் காட்டினேன். எங்கும் ஒளி இல்லை. மூடிய ஷூவுக்குள், விளக்கு எட்டாத இடத்தில், கால்கள் இரண்டும் மஞ்சளாக இருந்தன.