வீட்டில் கோழி இருக்கா?

லாரி ஓட்டி முதுகு போன பிறகு, மோகனூர் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் வாட்ச்மேன் ஆனேன். திருடனைப் பிடிக்கிற வேலை என்று நினைத்துத்தான் போனேன். அங்கே தடுக்க வேண்டியது நோயை. வண்டி டயருக்கு மருந்தடிக்க வேண்டும், ஆட்களை மருந்துத் தொட்டியில் கால் நனைக்க வைத்துத்தான் உள்ளே விட வேண்டும். முதலாளியின் மச்சானையே செருப்பைக் கழற்ற வைத்தவன் நான். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

பக்கத்துப் பண்ணையில் கோழிகள் கொத்தாகச் சாக ஆரம்பித்ததும் முதலாளி உத்தரவு போட்டார். வீட்டில் கோழி வளர்க்கிற யாரும் உள்ளே வரக்கூடாது, ஒவ்வொருவரையும் கேட்டு அனுப்ப வேண்டும்.

முட்டை பொறுக்க வரும் பெண் ஒருத்தி ஒளிக்காமல் சொன்னாள்.

"ஊட்ல ரெண்டு இருக்குதுங்கண்ணா."

"அப்ப வித்துப்போட்டு வா அம்மிணி, போ" என்றேன். தூக்குவாளியோடு திரும்பி நடந்தாள்.

என் வீட்டில் நாலு நாட்டுக்கோழி இருந்தது. என்னை யாரும் கேட்கவில்லை, கேட்கிற ஆளே நான்தானே. என் வேலை கேட் வாசலோடு சரி, கோழி ஷெட்டுக்குள் போவதில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை மனைவி போன் செய்தாள். "ஏனுங்க, ஒண்ணு செத்துப்போச்சுங்க. செவலைக் கோழியும் கழுத்தைத் தொங்கப்போட்டு நிக்குது."

வெளியே தீவன லாரி ஹாரன் அடித்தது. மருந்துக் குழாய் கையில் இருந்தது. வீட்டு வாசலில் கோழி எச்சத்தை மிதித்த அதே செருப்போடுதான் அந்த வாரம் முழுக்க கேட்டைத் திறந்து மூடியிருந்தேன். சொன்னால் வேலை போகும். சொல்லாமல் விட்டால் எத்தனை கோழி சாகும் என்பது ஷெட்டுக்குள்ளிருந்து கொக்கரிப்பாகவே கேட்டுக்கொண்டிருந்தது. லாரிக்காரர் மறுபடி ஹாரன் அடித்தார். நான் கேட்டைத் திறக்காமல் முதலாளிக்குப் போன் போட்டேன்.

எல்லாவற்றையும் அவர் கேட்டுக்கொண்டார். பிறகு, "அந்தப் பிள்ளைய மட்டும் திருப்பி அனுப்புனியேப்பா" என்றார். "ஒண்ணையும் தொடாம வெளிய போய் நில்லு."

வெயிலில் ரோட்டோரம் நின்றேன். கால்நடை டாக்டரின் ஜீப் என்னைத் தாண்டி உள்ளே போனது. அவ்வளவு பயந்து நான் எப்போதும் நின்றதில்லை.

பண்ணைக் கோழிகள் தப்பித்தன, என் வேலை தப்பவில்லை. சில வாரம் கழித்து என் டிபன் கேரியரை எடுக்கப் போனேன். கேட்டில் என் நாற்காலியில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்தாள், கேட்டைத் திறக்கவில்லை.

"ஊட்ல கோழி இருக்குதுங்களாண்ணா?"

நாலும் செத்திருந்தன.

"இல்லீங்க" என்றேன்.