சொந்தக் காமிரா

வலங்கைமான் பக்கம், நிலத் தகராறு பற்றிய ஒரு படத்தின் படப்பிடிப்பில் என் மகளின் காமிரா வாய்க்காலில் விழுந்துவிட்டது. நியாயம் கேட்கப் போனேன். புரொடக்‌ஷன் மேனேஜர் ஒல்லியான மனிதர். நின்று பேசத் தெரியாதவர். வரப்பில் நடந்துகொண்டே பதில் சொன்னார்.

“கம்பெனி வாடகைக்கு எடுத்த சாமானுக்குத்தாங்க இன்ஷூரன்ஸ். சொந்தக் காமிராவுக்கு உங்க பொண்ணுதான் போட்டிருக்கணும்.”

“காமிராவோட வரச் சொன்னது நீங்கதானே? அவ பிழைப்பே அதுதாங்க.”

“சொன்னேன். இன்ஷூரன்ஸ் இருக்கான்னு கேக்கல. கேட்டா இல்லைம்பாங்க, அப்புறம் நான் யாரைத் தேடுறது?”

“அவளே விழுந்திருந்தா?”

அப்போதுதான் நின்றார்.

“அதுக்கும் இல்லீங்க. எனக்கும் இல்ல. நானும் இந்தப் படத்துக்கு மட்டும் வந்த ஆளுதான்.”

யாரோ கூப்பிட்டார்கள். சேற்றில் கிடந்த லைட் ஒயரை வெறுங்கையால் தூக்கிப் பிடித்தபடி தண்ணீரில் இறங்கிப் போனார். அவரைத் திட்டத்தான் போயிருந்தேன். “பார்த்துப் போங்க” என்று கத்திக்கொண்டு நின்றேன்.